மூக்கை உறிஞ்சிக்கொண்டு துர்க்குவில் பத்து நாள்

வியாழன்

சிங்கப்பூரில் ஏறி ஹெல்சிங்கி வரும் விமானத்தில், எந்த நாட்டுக்கு மேலே பறக்கிறோம் என்று தெரியாத ஒரு நேரத்தில், தொண்டையின் இடது பக்கம் ஒரு உறுத்தல். எச்சில் விழுங்கிப் பார்த்தேன். காற்று வறட்சியாக இருக்கும் என்று தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை விழுங்கிப் பார்த்தேன். இருந்தது.

ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதிலிருந்து இந்த விமானங்கள் சுற்றுவழியில்தான் போகின்றன. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த உறுத்தலையே கவனித்துக்கொண்டு வந்தேன். காரணமும் தெரியும். கான்பெராவில் இப்போது குளிர்காலம். அலுவலகத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் லிஃப்டில்கூட ஏறாமல் படியேறித் தப்பித்து வந்தவள், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒருவர் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த கேக்கில் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் அவர் லீவு.

வந்திருக்கும் காரியம், 2024ஆம் ஆண்டின் உலக மாஸ்டர்ஸ் ஓரியன்டீரிங் சாம்பியன்ஷிப். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 35 வயது ஆகியிருந்தால் போதும், பணம் கட்டினால் யாரும் ஓடலாம். ஐந்தைந்து வயதாகப் பிரித்திருப்பார்கள். எனக்கு 56, அதனால் பெண்கள் 55. தொண்ணூறு தாண்டியவர்களுக்கும் பிரிவு உண்டு. திருநெல்வேலியில் சித்தப்பாவிடம் போனில் சொன்னபோது, "உலக சாம்பியன்ஷிப்பா! இந்தியாவுக்கா, ஆஸ்திரேலியாவுக்கா? யாருக்காவ ஓடுத?" என்றார்.

"எனக்குத்தான் சித்தப்பா."

"அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் போணும்?"

ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக, முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில், துணிக்கொடிகள் தொங்கும். கண்ட்ரோல் என்போம். அவற்றை வரிசை மாறாமல் தொட்டுவிட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. வழிகாட்டும் போன் கூடாது. இதுதான் ஆட்டம். எங்கள் மகன் பள்ளியில் ஆடினான், கூட்டிப்போன நான் மாட்டிக்கொண்டேன். அவன் விட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

விமான நிலைய வாசலிலேயே, போட்டி நடக்கும் துர்க்கு நகரத்துக்குப் பேருந்து கிடைத்தது. மாணவர் குடியிருப்பில் ஓர் அறை, பொதுச் சமையலறை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். இவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது சுக்குப் பொட்டலம். "நீ விமானத்துல முழுங்கி முழுங்கிப் பார்க்கும்போதே தெரியும்" என்றார்.

வெள்ளி

பதிவு முடிந்தது. மார்பில் குத்தும் எண், ஒரு பை. மூக்கு குழாய் மாதிரி ஒழுகுகிறது. எங்கள் ஊரில் தடுமன் என்று சொல்வதற்கு உரிய எல்லா லட்சணமும் வந்துவிட்டது.

பின்லாந்தில் பாரசிட்டமால்கூடப் பெட்டிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ கிடைக்காது. அப்தேக்கி என்று எழுதிய மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்டேன். எடுத்து மேசைமேல் வைத்தவர், என் கழுத்தில் தொங்கிய போட்டி அட்டையைப் பார்த்துவிட்டுக் கையைப் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டார். "நீங்கள் ஓடுகிறவரா, பார்க்க வந்தவரா?"

மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து இருக்கும். போட்டி நாளில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். மாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்களுக்கும் அதே விதிதான். எண்பது வயதுக்காரரைக் கூப்பிட்டு டம்ளரைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். நானோ வகுப்பில் கடைசிப் பத்துக்குள் வருகிறவள். இருந்தாலும் "ஊக்கமருந்து உட்கொண்டு கடைசிக்கு முந்திய இடம்" என்று பெயர் வாங்குவதை நினைத்துச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, மருந்துக்கடைக்காரர் ஒரு அடி பின்னால் போனார். உப்புநீர் ஸ்பிரேயும் பாரசிட்டமாலும் போதும் என்று கொடுத்து அனுப்பினார். கறுப்புத் திராட்சை மாதிரி இருக்கும் ஒரு பழத்தின் சாற்றைச் சூடாக்கிக் குடிக்கச் சொன்னார். இங்கே சளி என்றால் அதுதான் பாட்டி வைத்தியமாம். நன்றாகவே இருக்கிறது. சுக்குக்குப் பக்கத்தில் நிற்காது.

கோவிட் பரிசோதனையும் செய்து பார்த்தேன். ஒரே கோடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டத்திலிருந்து தள்ளி நிற்பது என்று முடிவு.

சனி

ஸ்பிரிண்ட் தகுதிச் சுற்று. ஸ்பிரிண்ட் என்றால் காடு கிடையாது. குடியிருப்புகள், படிக்கட்டுகள், சந்துகள், வேலிகள். வரைபடம் 1:4000. காட்டில் வழி தெரியவில்லை என்றால் நின்று யோசிக்கலாம். இதில் நிற்கிற நேரத்தில் நாலு பேர் தாண்டிவிடுவார்கள். தலை கால்களைவிடப் பத்து மீட்டர் முன்னால் ஓட வேண்டும்.

என் தலை பத்து மீட்டர் பின்னால் வந்தது. வரைபடத்தில் தடித்த கறுப்புக் கோடு என்றால் தாண்டவே கூடாத சுவர். தாண்ட முடியும் என்றாலும் தாண்டினால் தகுதி இழப்பு. ஐந்தாவது கண்ட்ரோல் அப்படி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் நின்று கொடியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கட்டடத்தை முழுக்கச் சுற்றினேன். சுற்றி முடித்தபோது நான் நின்ற இடத்துக்கு ஐந்து மீட்டரில் ஒரு வாசல் இருந்ததைக் கண்டுபிடித்தேன். இவர் பார்வையாளர் பக்கத்தில் நின்று என்னையும் அந்த வாசலையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். கத்தக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

ஞாயிறு

ஸ்பிரிண்ட் இறுதி. எனக்குக் கடைசிப் பிரிவு. ஓடினேன், முடித்தேன், ஒன்பது டிஷ்யூ. எழுத வேறு ஒன்றும் இல்லை.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனோம். அவுரா ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. ஃபோரி என்று ஓர் ஆரஞ்சு நிறப் படகு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது, 1904லிருந்து. காசு கிடையாது. அக்கரை போக இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் நாலு தடவை போய்வந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்

குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இவருக்குத் திருவிழா.

இன்று போட்டி இல்லை. காட்டைப் பழகிக்கொள்ள ஒரு மாதிரிக் களம் விட்டிருந்தார்கள். மெல்ல ஒரு மணி நேரம் நடந்தேன். பனியுகத்தில் பனிப்பாளம் வழித்துவிட்டுப் போன மொட்டைப் பாறைகள், இடுக்குகளில் பைன் மரங்கள், பாறைக்கும் பாறைக்கும் நடுவே சதுப்பு. பாறைமேல் வெளிர்சாம்பல் பாசி, வெயிலில் காய்ந்து, காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பனியின் பாரம் இறங்கி எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகியும் இந்த நிலம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது, வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். கடல் பின்வாங்கிக்கொண்டே போகிறது.

முழங்கால் உயரத்துக்கு எங்கும் மஸ்டிக்கா செடி. ஊதா நிறப் பழம், நாவல்பழத்தின் தம்பி மாதிரி நாக்கை நீலமாக்குகிறது. யாருடைய காடாக இருந்தாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் உள்ள உரிமை. பார்த்துவிட்டு இவர் பாலிதீன் பை தேடினார்.

மான் ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் இந்தக் காடுகளில் கிளம்பும். தட்டையாக இருக்கும், மேலே வந்து உட்கார்ந்ததும் சிறகை உதிர்த்துவிட்டு முடிக்குள் ஊர்ந்து போகும். நசுக்கினாலும் நசுங்காது, இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும், பேன் மாதிரி. அறைக்கு வந்து இவர் என் தலையில் ஏழு எடுத்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எனக்குப் பேன் பார்த்தது இதுதான் முதல் தடவை. உண்ணி கடித்திருக்கிறதா என்று தனியே ஒரு சோதனை. இந்தக் கடலோரப் பகுதியில் உண்ணியால் மூளைக்காய்ச்சல் வரும், நான் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

செவ்வாய்

காட்டுத் தகுதிச் சுற்று. காலையில் சூடு 36.9. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கு உண்டு: கோளாறு கழுத்துக்கு மேலே என்றால் மெல்ல ஓடலாம், கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சு, காய்ச்சல், உடம்பு வலி என்றால் படுத்துவிட வேண்டும். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மேலேதான் இருந்தது. ஓடுவதில்லை, நடப்பது மட்டும் என்று இவரிடம் சைகையில் சத்தியம் செய்தேன்.

தொடக்கத்தில் நாலு நிமிஷத்துக்கு முன்பே பெயரைக் கூப்பிட்டு ஒரு கட்டத்துக்குள் விடுவார்கள். நிமிஷத்துக்கு ஒரு கட்டமாக நகர்ந்து, கடைசிக் கட்டத்தில் தரையில் கவிழ்த்து வைத்த வரைபடத்தின்மேல் குனிந்து நிற்க வேண்டும். பீப் என்றதும் எடுக்கலாம். எல்லாரும் எடுத்துக்கொண்டே பாய்ந்தார்கள். நான் எடுத்து, மடித்து, மூக்கைச் சிந்தி, பிறகு பார்த்தேன்.

இந்த வரைபடத்தில் வெள்ளைதான் காடு. ஊரில் யாரிடம் காட்டினாலும் "இங்கதான் ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, பச்சை என்றால் புதர் நெருங்கியது, மஞ்சள் வெட்டவெளி. பழுப்புக் கோடுகள் உயரம், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து மீட்டர். அளவு 1:10,000, ஒரு சென்டிமீட்டர் நூறு மீட்டர். நூறு மீட்டர் நடக்க எனக்கு 62 இரட்டை அடி. எண்ணிக்கொண்டே போவேன். இன்று 38இல் ஒரு தும்மல். நாற்பதா, முப்பத்தொன்பதா? நின்று, 38 என்றே வைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

கட்டைவிரலில் மாட்டும் என் திசைகாட்டி சூன்டோ. பின்லாந்துக்காரர் தூமஸ் வோஹ்லோனன் 1936இல் தொடங்கிய கம்பெனி, திரவம் நிரப்பிய திசைகாட்டியில்தான் பெயர் வாங்கியது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் விமானத்தில் ஒரு காற்றுக்குமிழி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மிளகளவு குமிழி. ஒவ்வொரு முறையும் அது ஓரமாக ஒதுங்கும்வரை காத்திருந்துதான் முள்ளைப் பார்த்தேன். ஓடும்போது இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

முதல் மூன்றும் சுலபமாக வந்தன. நாலாவது, ஒன்றரை மீட்டர் பாறாங்கல், கிழக்குப் பக்கம். சுற்றிலும் கல்லாகவே கிடக்கிற சரிவு. நேராகப் போனால் எந்தக் கல் என்று தேடிச் சாக வேண்டியதுதான். அதனால் கல்லைத் தேடாமல் அதற்குத் தெற்கே இருந்த சதுப்பின் மூலையை முதலில் பிடித்தேன். மூலையில் நின்று வரைபடத்தை வடக்குக்குத் திருப்பி, அங்கிருந்து 80 மீட்டர், ஐம்பது அடி, சரிவில் ஒரு கோடு மேலே. நாற்பத்தேழாவது அடியில் ஆரஞ்சு தெரிந்தது.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண்மணி என்னை இடமிருந்து வலமாக ஓடிக் கடந்தார். கொஞ்ச நேரம் கழித்து வலமிருந்து இடமாக. ஏழாவதில் மறுபடியும். ஒன்பதாவதுக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம். அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, நான் டிஷ்யூவைப் பைக்குள் திணித்தேன்.

நேர்கோட்டில் மூன்றரை கிலோமீட்டர் போலத்தான். ஒரு கண்ட்ரோலிலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் தவறவிடவில்லை. பதினாறு வருஷ ஆட்டத்தில் இப்படி ஒரு சுற்று எனக்கு அமைந்ததே இல்லை. பட்டியலில் பாதிக்கு மேலே என் பெயர், பி இறுதிக்கு, அதாவது இரண்டாம் பிரிவு இறுதிக்குத் தேர்வு. நடந்தே!

புதன்

நேற்றைய மிதப்பில் எழுந்தேன். மூக்கு காய்ந்திருந்தது. குரல் பாதி திரும்பிவிட்டது. முதுகு லேசாக வலித்தது, மெத்தை சரியில்லை என்று இரண்டு பாரசிட்டமால் போட்டேன். இங்கே ஒரு பொய் இருக்கிறது, எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. மெத்தை நன்றாகத்தான் இருந்தது. சூடு பார்க்கவும் இல்லை.

மிடில், அதாவது நடுத்தர தூர இறுதி. நடந்தே பாதிக்கு மேலே வந்தவள், ஓடினால்?

ஓடினேன். ஐந்து கண்ட்ரோல் வரை நன்றாகத்தான் போனது. ஆறாவது ஒரு பாறைமேட்டின் வடக்கு அடிவாரம். சதுப்பைக் கடந்து ஏறினேன். மேடு இருந்தது, வடக்குப் பக்கம் செங்குத்தாகவும் இருந்தது, கொடி மட்டும் இல்லை. வரைபடத்தில் மேட்டுக்குக் கிழக்கே ஒரு சின்னப் பள்ளம். இங்கே பள்ளம் என்று சொல்லக்கூடிய ஒன்று இருந்தது, மரம் வேரோடு சாய்ந்த குழி. சரி, அதுதான் இது. மேற்கே ஒரு பாதை இருக்க வேண்டும். புல் கொஞ்சம் படிந்த மாதிரி ஒரு கோடு தெரிந்தது. மான் நடந்திருக்கும். சரி, அதுதான் பாதை. இப்படி ஒவ்வொன்றாகச் சாட்சி சேர்த்து, நான் சரியான இடத்தில்தான் நிற்கிறேன், கொடியைத்தான் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள் என்று தீர்ப்பு எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன்.

இந்த ஆட்டம் ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்த தவறுதான். பக்கத்தில் பக்கத்தில் ஒரே அச்சில் இரண்டு மேடு இருந்தால், தப்பான மேட்டில் ஏறிவிட்டு வரைபடத்தை வளைத்து அதற்குப் பொருத்துவது. தெரிந்தவர்கள் ஒரு நிமிஷத்தில் விழித்துக்கொள்வார்கள். நான் அந்த மேட்டை மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது சுற்றில்தான் உதறல் எடுத்தது. வெயில் அடிக்கிறது, கை மயிர் சிலிர்த்து நிற்கிறது. வரைபடத்தில் பழுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து, நான் எங்கே விரல் வைத்திருந்தேன் என்பதே மறந்துபோனது. உட்கார்ந்தேன். மஸ்டிக்கா செடிமேலேயே. இரண்டு பழம் தின்றேன். அதற்குப் பிறகுதான், சதுப்பு வரைபடத்தில் கிழக்கு மேற்காக நீண்டது, நான் கடந்தது தெற்கு வடக்காகக் கிடந்தது என்பது உறைத்தது. நூற்றைம்பது மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஒரு கண்ட்ரோலுக்கு 14 நிமிஷம் கூடுதலாகப் போனது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பாதியில் விட்டாலும் முடிவுக்கோட்டுக்குப் போய், தொட்ட கண்ட்ரோல்களைப் பதிந்துகொள்ளும் சிப்பைக் காட்டித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ஆள் காட்டில் கிடக்கிறது என்று தேடப் போவார்கள். எப்படியும் அவ்வளவு தூரம் போக வேண்டும், வழியில் உள்ளதைத் தொட்டுக்கொண்டே போகலாம் என்று நடந்தேன். பி இறுதியில் கடைசியிலிருந்து மூன்றாம் இடம்.

இரவு சூடு 38.4. ஊர்க் கணக்கில் 101ஐத் தாண்டிவிட்டது. இவர் தெர்மாமீட்டரை என்னிடம் காட்டவில்லை, நேராகச் சமையலறைக்குப் போய் மிளகு ரசம் வைத்தார்.

வியாழன்

ஓய்வு நாள். எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். நாளை லாங், அதாவது நெடுந்தூர இறுதி.

பகலெல்லாம் தூங்கினேன். இந்த நாட்டில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். பழைய வழக்கம், இன்றும் விடவில்லை. இவர் கடையில் பன்றி சேராத டப்பாவாகத் தேடி வாங்கிவந்தார். பச்சைப் பட்டாணியைக் குழையக் குழைய வேகவைத்தது, நம் பருப்புக் கடைசலுக்குத் தாளிக்க மறந்துபோன மாதிரி. மிளகுப்பொடி போட்டுக் குடித்தேன்.

மாலையில் சமையலறையில் பக்கத்து அறை ஸ்வீடன் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் 75. என்னைப் பார்த்ததும், "நேற்று எத்தனை?" என்றார். இடத்தைக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். "அது இல்லை, சூடு."

"நாளைக்கு இறங்கிவிடும். மெல்ல நடக்கலாம் என்று இருக்கிறேன்."

கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "1979லிருந்து 1992 வரைக்கும் எங்கள் நாட்டில் பதினாறு பேர் செத்துப்போனார்கள். எல்லாரும் சின்ன வயசு, நன்றாக ஓடுகிறவர்கள். ஓரியன்டீரிங்காரர்கள். திடீர் திடீரென்று. வெட்டிப் பார்த்ததில் பலருக்கு இதயத் தசையில் அழற்சி. 1992 கடைசியில் போட்டி, பயிற்சி எல்லாவற்றையும் அரை வருஷம் போல நிறுத்தி வைத்தார்கள். அப்போது நான் கிளப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் காய்ச்சலோடு ஓடுகிறவனை வீரன் என்போம். அப்புறம் சூடு இருந்தால் பிள்ளையின் காலணியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்."

அவ்வளவுதான். மறுபடியும் கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நான் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஓடியதைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பின்லாந்துக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். சாராயம், மரத்திலிருந்து வடிக்கும் தார், சானா என்கிற சூட்டறைக் குளியல், இந்த மூன்றிலும் தீராத வியாதி என்றால் ஆள் தேறாது. அதையும் நம்பாதே. காய்ச்சலோடு சானாவுக்குள் போகாதே" என்றார். ரசத்தை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு, "இது தாரைவிட மேல்" என்றார்.

இரவு 37.9. இவர் ஒன்றும் சொல்லவில்லை. என் ஓட்டக் காலணியைக் காணவில்லை.

வெள்ளி

காலையில் 37.6. நெஞ்சில் சளி. கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, விவாதத்துக்கு இடமில்லை. ஓடவில்லை என்று தகவல் மேசையில் சொன்னேன். பெயருக்கு நேரே ஒரு குறி போட்டார்கள். பதினேழாயிரம் கிலோமீட்டர் வந்து, பேனாவால் ஒரு குறி.

இருந்தாலும் போய் உட்கார்ந்தேன், கவசம் போட்டு, போர்வை போர்த்தி, கூட்டத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில். முடிவுக்கோட்டைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நாற்பது வயதுக்காரர்கள் உறுமிக்கொண்டு வருகிறார்கள். அறுபதுகள் வரும்போதே கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எண்பதுக்கு மேலே யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பெரியவர், மார்பில் தொண்ணூறாம் பிரிவு எண், இரண்டு கையிலும் கோல், கடைசி நூறு மீட்டரை ஓட்டம் என்றே சொல்லும்படியாகக் கடந்தார். கூட்டம் எழுந்து கை தட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் பக்கத்தில் நின்ற இன்னொரு கிழவரின் வரைபடத்தைப் பிடுங்கி, "நீ எட்டாவதுக்கு எந்தப் பக்கமாகப் போனே?" என்கிற பாவனையில் விரலால் குத்தினார். மொழி புரியவில்லை, சண்டை புரிந்தது.

ஸ்வீடன் அம்மா வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. "ஆறாவதில் எட்டு நிமிஷம்" என்றார், காய்ச்சல் இல்லாமலே.

கடைசி ஆள் கிளம்பிய பிறகு, ஓடாதவர்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கினேன். மடிப்பே விழாத வரைபடம். பதினாறு வருஷத்தில் கசங்காத ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போவது இதுதான் முதல். இவர் எட்டிப் பார்த்து, "இந்த முக்கோணம் என்ன?" என்றார். முப்பது போட்டிக்குக் கூட வந்திருக்கிறார், ஒரு தடவை கேட்டதில்லை.

"அங்கதான் தொடங்கணும்."

"ரெட்டை வட்டம்?"

"முடியற இடம்."

"அப்போ இந்த ஊதாக் கோட்டுலேயே நேரா நடந்தா முடிஞ்சுதே!"

"நடுவுல ஏரி இருக்கே."

"ஓ" என்று வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏரியைச் சுற்றி விரலால் வழி பார்த்தார். தெற்குப் பக்கமாகப் போகலாம் என்றார். வடக்குதான் சரி, தெற்கே முழுக்கப் பச்சை. சொல்லிக்கொடுத்தேன். இருமல் வந்து நிறுத்தினேன்.

சனி, விமானத்தில்

சூடு இல்லை. உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கிறது. இவருக்குக் காலையிலிருந்து தொண்டையின் இடது பக்கம் ஏதோ உறுத்துகிறதாம், எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டு வருகிறார். சுக்குப் பொட்டலம் பெட்டிக்குள், பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள்.

விளக்கை அணைத்தபின் தலைக்கு மேலுள்ள சின்ன விளக்கைப் போட்டு, லாங் வரைபடத்தை மடியில் விரித்து, சிவப்புப் பேனாவால் ஓட ஆரம்பித்தேன். முக்கோணத்திலிருந்து முதல் கண்ட்ரோல், பாதை வழியே, சுலபம். இரண்டு, மூன்று, வேலியைப் பிடித்துக்கொண்டே. நாலுக்கு ஏரியின் வடக்குக் கரை. ஐந்துக்குச் சதுப்பின் மூலையிலிருந்து. ஸ்வீடன் அம்மா எட்டு நிமிஷம் விட்ட ஆறாவதில் ரொம்ப நேரம் நின்று, ஒவ்வொரு கோடாக எண்ணி, சரியான மேட்டில்தான் ஏறினேன். ஏழுக்குப் போகும் வழியில் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் பேனா தானாக இழுத்துக்கொண்டு போய், வரைபடத்தின் ஓரத்தைத் தாண்டி, என் பேண்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தது.